நாற்பத்திரண்டாவது ஆள்

வேர் உண்டு, மண்ணைத் தொடாது. ஓடை உண்டு, ஒரு குடம் நிரம்பாது. ஊருக்கெல்லாம் நிழல் தரும், ஒருவருக்கும் நிற்க இடம் தராது. அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம். மேகம் என்று சொல்பவர்கள் இன்னொரு முறை யோசியுங்கள், மேகத்துக்கு வேர் கிடையாது. ஆலமரம் என்று சொல்பவர்களும் யோசியுங்கள், நிற்க வந்தவரை ஆலமரம் போ என்று சொன்னதில்லை. நாவல்தாங்கல் ஹவுசிங் போர்டில் கேட்டால் மூன்று வயதுக் குழந்தைகூட விரலை உயர்த்திக் காட்டிவிடும், ஏனென்றால் அந்த விடை இரண்டு மாதம் அவர்கள் தலைக்கு மேலேதான் நின்றது.

வடசென்னையில் கால்வாய்க்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஆறு பிளாக்குகள், பிளாக்குக்கு நான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு, ஒரு பிளாக்குக்கும் அடுத்த பிளாக்குக்கும் நடுவே ஓர் ஆட்டோ திரும்ப இடம் போதாது. அங்கே ஆடி மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, பால் பாக்கெட் வருகிற நேரத்துக்கு, ஒரு காடு வந்து நின்றது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கு ஓர் ஆள் உயரம் மேலே, தூணும் இல்லாமல் கயிறும் இல்லாமல், மரமும் புல்லும் ஓடையுமாக ஆறு பிளாக்குகளுக்கும் சேர்த்து விரிந்து நின்றது. அதன் அடியில் வேர்கள் ஈரமாகத் தொங்கின. அதோடு கூடவே ஒரு வெள்ளை மூட்டமும் வந்து, முதல் மாடியிலிருந்து நாலாவது மாடிவரை ஜன்னலும் படிக்கட்டும் தெரியாமல் அடைத்துக்கொண்டது.

படிக்கட்டின் கீழே இட்லிக் கடை போடும் சம்பூர்ணம் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, வெளிச்சம் வராததைக் கண்டு அண்ணாந்து பார்த்தாள். "கோயில்காரங்க இந்த வருசம் மேலயே பந்தல் போட்டுட்டாங்களா இன்னா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் முதல் தட்டில் மாவை ஊற்றினாள். ஆடி மாதத்தில் தெருவை அடைத்துப் பந்தல் போடுவதும் கூழ் ஊற்றுவதும் அங்கே வழக்கம் என்பதால், பத்து மணிவரை எல்லாரும் அது அம்மன் கோயில் ஏற்பாடு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலாம் பிளாக் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் தயாளன் மட்டும் அண்ணாந்து பார்க்கவில்லை. அவன் படிக்கட்டில் உட்கார்ந்து செருப்பின் வாரை மாட்டிக்கொண்டும் கழற்றிக்கொண்டும் இருந்தான். அந்தக் காட்டின் ஒவ்வொரு மரத்தையும் அவன்தான் நட்டிருந்தான், மண்ணில் அல்ல, படத்தில்.

தயாளன் ஒரு கட்டடக்கலை ஆபீஸில் இருபது வருஷமாகப் படம் வரைகிறவன். அவனுடைய முதலாளி சௌதாமினி மேடம் நல்லவர். தெருவில் ஒரு மரத்தை வெட்டினால் அன்று மதியம் சாப்பிடமாட்டார். நெரிசலான நகரங்களுக்கு மேலே இயற்கைப் புகலிடம் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள் என்று வெளிநாட்டில் யாரோ ஒரு போட்டி வைத்தார்கள். மேடம் காட்டை நினைத்தார், தயாளன் அதை வரைந்தான். நெரிசலான இடம் ஒன்று வேண்டும் என்று அவர் கேட்டபோது தேடி அலையாமல் தன் பிளாக்குகளையே படம் பிடித்துக் கீழே வைத்தான். ஒரு நாள் மேடம் திரையை எட்டிப் பார்த்து, "தயாளன், கீழ இருக்கிற பில்டிங் கண்ண உறுத்துது. கொடியில துணி, டிரம்மு, டிஷ் ஆன்டெனா... கொஞ்சம் மூட்டம் போட்டு மறைச்சிடுங்களேன்" என்றார். கண்ணை உறுத்துவது தன் வீடு என்று தயாளன் சொல்லவில்லை. சரிங்க மேடம் என்று சொல்லி மூட்டம் போட்டான்.

அப்புறம் ஆட்கள். படத்தில் ஆள் இல்லாவிட்டால் மரம் எவ்வளவு பெரியது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அதற்காக எல்லா ஆபீஸிலும் புகைப்படங்களிலிருந்து வெட்டி வைத்த ஆட்கள் ஒரு கோப்பில் இருப்பார்கள். நீல ஸ்கார்ஃப் கட்டிய வெள்ளைக்காரப் பெண், நாயோடு நடக்கும் கிழவர், காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடும் இளைஞன், குழந்தை வண்டி தள்ளும் தகப்பன். அப்படி நாற்பத்தொரு பேரை மேடமே பொறுக்கி, இடம் பார்த்து வைத்து, யாரும் அசைக்க முடியாதபடி பூட்டிவிட்டார். அவர்கள் எல்லாரும் நடப்பவர்கள், எல்லாரும் நேரே பார்ப்பவர்கள், ஒருவரும் கீழே உட்கார்பவர் இல்லை. ஓடைக்கரையில் ஒரு மூலை வெறிச்சென்று இருந்தது. அங்கே குந்தி உட்கார்ந்து தண்ணீரில் கைவிடும் ஆள் ஒன்று வேண்டும். கோப்பில் அப்படி யாரும் இல்லை. தயாளன் தன் கைப்பேசியில் தேடி, மெரினாவில் எடுத்த மகளின் படத்தை வெட்டி அங்கே ஒட்டினான். ஒன்பது வயது தாரணி, ஈர மணலில் குந்தி, கையைத் தண்ணீரில் வைத்து, அப்பா கூப்பிட்டதற்குப் பாதி திரும்பிய முகத்தோடு இருந்த படம்.

கணினியில் வரைகிறவர்கள் கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைப்பதுபோலப் படத்தை அடுக்கடுக்காக வரைவார்கள். அடுக்குகள் தனித்தனியாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் உருவி எடுக்கலாம். ஆபீஸ் கொடுத்த லேப்டாப் பழையது, கோப்பு கனத்தால் அப்படியே நின்றுவிடும். அதனால் தயாளன் மூட்டத்தையும் மகளையும் ஒரே அடுக்காக இறுக்கி, அதற்குத் தன் பெயரையே வைத்துச் சேமித்துவிட்டான். அரைத்துக் கலந்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் பிரிக்க முடியாது அல்லவா, அதுபோல. திங்கட்கிழமை சாயங்காலம் படத்தை அனுப்பினான். செவ்வாய்க்கிழமை காலை காடு வந்தது.

வந்த காட்டை நாவல்தாங்கல் என்ன செய்தது என்று கேட்டால், முதலில் அதன்மேல் ஏறிப் பார்த்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் ஏசுபாதம், ஆட்டோ ஓட்டுகிறவர், எதிலும் முதல் ஆளாக நிற்பவர், தொட்டிமேல் ஏணி சாய்த்து ஏறிப் புல்லில் காலை வைத்தார். கால் உள்ளே போய்விட்டது. காலோடு அவரும் போய் மொட்டைமாடியில் விழுந்தார். "புகையில கால வெச்ச மாதிரி கீதுபா" என்று வீங்கிய கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அப்படியும் அன்று முழுவதும் நூறு பேர் ஏறி நூறு பேர் விழுந்தார்கள். மேலே அந்த நாற்பத்தொரு பேர் மட்டும் நடந்தபடியே இருந்தார்கள். சம்பூர்ணம் ஏணி உச்சியில் நின்று நீல ஸ்கார்ஃப் பெண்ணை, "ஏம்மா, டிபன் சாப்டியா?" என்று கேட்டாள். அவள் திரும்பவில்லை. "பெரிய எடம் போல. நம்மகிட்டலாம் வாய் தொறக்க மாட்டா" என்று இறங்கி வந்தாள்.

தாரணி ஏறியதை யாரும் கவனிக்கவில்லை. அவள் விழவில்லை என்பதால் சத்தம் வரவில்லை. நேராக ஓடைக்கரைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தாள். தாரணியின் நெஞ்சில் எப்போதும் ஒரு சன்னமான விசில் இருக்கும், வீசிங். போன வருஷம் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு முறையும் பிழைத்தது பெரிது என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் அம்மா நிர்மலாவுக்கு அந்த விசில் சுவர்க் கடிகாரம் மாதிரி, நின்றால்தான் காதில் விழும். அது நின்றுவிட்டதை ஏணியில் நின்றபடி நிர்மலா கேட்டாள். கேட்டுவிட்டு, ஏணிக் கம்பில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் தாரணி மேலே, விளக்கு வைத்ததும் கீழே. காடு பழகிவிட்டது. எந்தத் துறை என்று தெரியாத இரண்டு பேர் டேப்போடு வந்து அளந்து, அனுமதி பெறாத நிழல் என்று எழுதி சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். மேலிருந்து விழும் இலைகளுக்குச் சங்கம் பொறுப்பல்ல என்று ஏசுபாதம் பக்கத்திலேயே ஒன்று ஒட்டினார், ஆனால் எந்த இலையும் தரைவரை வந்ததில்லை, பாதி வழியிலேயே இல்லாமல் போயின. தாரணி ஓடையில் குடத்தை முக்கி எடுத்து வந்தால் குடம் சில்லென்று இருக்கும், உள்ளே ஒரு சொட்டு இருக்காது. கூழ் ஊற்றிய ஞாயிற்றுக்கிழமை முதல் கரண்டியை மேலே இருப்பவர்களுக்கு என்று கொடுத்தனுப்பினார்கள்; அவள் கொண்டுபோனபடியே திருப்பிக் கொண்டுவந்தாள். காடு எதையும் கீழே தரவில்லை, எதையும் மேலே வாங்கவும் இல்லை. நிழலும் மூட்டமும் மட்டும் இறங்கின.

மூட்டத்தில் துணி காயவில்லை. நடுப்பகலில் லைட் போட்டுக்கொண்டு, ஈர நாற்றமடிக்கும் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பெரியவர்கள் இருமினார்கள். ஏசுபாதத்தின் வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தை நாய்க்குட்டி குரைப்பதுபோல இருமியது. அப்போதுதான் சம்பூர்ணத்துக்கு ஒரு யோசனை வந்தது. மேலேதானே வெயில் அடிக்கிறது, வெயிலுக்குப் பக்கத்தில் நம் பிள்ளைதானே உட்கார்ந்திருக்கிறாள். கயிறு கொடுத்தனுப்பினார்கள். மரத்துக்கு மரம் தாரணி கொடி கட்டினாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வீட்டுத் துணி முறை வைத்து ஏணி ஏறியது. லுங்கி, நைட்டி, பாவாடை, யூனிஃபார்ம், கைக்குழந்தையின் தூளிப் புடவை. நாயோடு நடக்கும் கிழவர் ஈரப் போர்வைகளை ஊடுருவியபடி தினமும் நடந்தார். தாரணிக்குக் கிளிப் மாலை ஒன்றைக் கழுத்தில் போட்டு, "எங்க காட்டு ஆபீசர்" என்று கூப்பிட்டார்கள்.

தயாளன் இதற்கிடையே ஒன்று செய்து பார்த்தான். வீட்டில் லேப்டாப்பைத் திறந்து, சம்பூர்ணத்தின் படத்தையும் வெட்டிப் புல்லில் ஒட்டினான். அவளாலும் மேலே நிற்க முடிந்தது. ஆனால் அவள் நின்ற மாத்திரத்தில் காடு ஓர் ஆள் உயரம் கீழே இறங்கி, தொட்டியின் மூடியில் உட்கார்ந்து, மூடி இரண்டாகப் பிளந்தது. இன்னொருவரை ஒட்டினால் தொட்டியே உடையும். உடைந்தால் ஆறு பிளாக்குக்கும் தண்ணீர் இருக்காது. சம்பூர்ணம் அரை மணி நேரம் உட்கார்ந்து மரங்களைப் பார்த்துவிட்டு, "எட்த்துருபா என்னை. நல்லாத்தான் கீது. ஆனா ஒருத்தனும் மூஞ்ச பாக்க மாட்டேன்றான், எனக்கு இட்லிக்கு ஊறப்போடணும்" என்று சொல்லி இறங்கினாள். அவளை எடுத்ததும் காடு பழைய உயரத்துக்குப் போயிற்று.

ஆவணி முடிகிற வாரம் மேடம் தயாளனைக் கூப்பிட்டு, திரையை அவன் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"தயாளன், என் காட்டுல துணி காயுது."

"ஆமாங்க மேடம்."

"யாரோட துணி?"

"கீழ இருக்கிறவங்களோடது மேடம். மூட்டத்துல காய மாட்டேங்குது."

படம் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தது. இனிமேல் எதையும் சேர்க்கக் கூடாது, எடுக்க மட்டும் செய்யலாம், சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் கோப்பைப் பூட்டி அச்சுக்கு அனுப்பிவிடுவார்கள், பிறகு யாராலும் தொட முடியாது என்று சொன்னார். "கொடிய மட்டும் அவிழ்த்துடச் சொல்லுங்க, ப்ளீஸ். அந்த ஓடைகிட்ட உக்காந்திருக்கிற பொண்ணு இருக்கட்டும். மரத்தோட ஸ்கேல் காட்ட நல்லா இருக்கா."

"என் பொண்ணு மேடம்."

"அப்படியா? அப்போ இன்னும் நல்லது" என்றார் மேடம், மனதாரத்தான்.

தயாளன் திரையைப் பெரிதாக்கி மகளைப் பார்த்தான். மெரினாவில் பாதி திரும்பியிருந்த முகம் இப்போது திரும்பவில்லை. முழுக்கத் தண்ணீரைப் பார்த்திருந்தது.

அவன் கவனிக்கத் தவறியதை நிர்மலா கவனித்துத்தான் இருந்தாள். முதல் வாரம் ஏணியிலிருந்து ஒரு முறை கூப்பிட்டால் தாரணி வருவாள். பிறகு மூன்று முறை. போன வாரம் இருபது முறை கூப்பிட்டபின் மெதுவாகத் தலையைத் திருப்பி, யாரையோ நினைவுபடுத்திக்கொள்வதுபோல அம்மாவைப் பார்த்துவிட்டு இறங்கினாள். கோப்பைப் பூட்டினால் என்ன ஆகும் என்று தயாளனுக்கு யாரும் சொல்லவில்லை, இருபது வருஷம் படம் வரைந்தவனுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை. படத்தில் இருப்பவர்கள் படத்தில் இருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை சங்கத்துக் கூட்டத்தில் தயாளன் எழுந்து எல்லாவற்றையும் சொன்னான். மூட்டம் தன் கையால் போட்டது. மூட்டத்தை எடுத்தால் மகளும் படத்திலிருந்து போய்விடுவாள், மகளை விட்டால் மூட்டமும் நிற்கும், இரண்டையும் பிரிக்க வழியில்லை, எடுத்தவளை மறுபடி ஒட்டவும் விதியில்லை.

"நம்ம ஊட்ட மூடினது நீயா?" என்று ஏசுபாதம் கேட்டார்.

"நான்தான்ணா."

"கண்ண உறுத்துதுன்னு அந்தம்மா சொன்னாங்க. சரி. அவங்க வேற எடத்துல கீறவங்க. நீ இங்கதான தண்ணி புடிக்கிற? ஒரு வார்த்த சொல்ல உனக்கு வாய் இல்ல?"

தயாளன் தலையைக் குனிந்துகொண்டான். யாரும் அவனுக்காகப் பரிந்து பேசவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து கைக்குழந்தையின் இருமல் கேட்டது. ஏசுபாதம் அது அடங்கும்வரை காத்திருந்தார், பிறகு நொண்டிக்கொண்டே எழுந்தார்.

"மூட்டம் இருக்கட்டும்" என்றார். "நாங்க கால்வாய் நாத்தத்துக்கே பழகினவங்க. அந்தப் பொண்ணு மூச்சு வுடட்டும்."

"மூட்டத்துல இட்லி வேகாதா இன்னா, வேகும்" என்றாள் சம்பூர்ணம். கை தூக்கச் சொன்னார்கள். அவன் வீட்டைத் தவிர நூற்றுத் தொண்ணூற்றொரு வீட்டுக் கையும் உயர்ந்தது. தயாளன் வாழ்நாளில் கேட்ட திட்டுகளில் அந்தக் கைகளைப்போல எதுவும் அவனைச் சுட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நிர்மலா சொன்னாள், "அவங்களே சொல்லிட்டாங்க. இன்னும் இன்னா யோசன?"

"அவ நம்மள மறந்துடுவா நிர்மலா."

"மறக்கட்டும். ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரில கையில வெச்சினு உக்காந்தது நானு. உதடு நீலமாச்சே, நீ பாத்தியா? அங்க உசிரோட இருக்கும்ல?"

"உசிரோட இருக்கும். திரும்பிப் பாக்காது."

இருவரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல முடியாமல், அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பால் பொங்கி வழிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குத் தாரணியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். நிர்மலா கூப்பிட்டாள், தயாளன் கூப்பிட்டான், சம்பூர்ணம் கூப்பிட்டாள், ஏணியைச் சுற்றி மொட்டைமாடி முழுக்க நின்று கூப்பிட்டார்கள். ஐந்து மணிக்கு அவள் தலை அசைந்தது. எழுந்து, கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, துணிகளை மூட்டையாகக் கட்டி இறக்கினாள். வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தாள், ஒரு யூனிஃபார்ம்கூட மாறவில்லை. அதற்குள் நெஞ்சில் விசில் வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்து, அப்பாவின் லேப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தாள். தயாளன் எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். நிர்மலா வீசிங்குக்கு இழுக்கும் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசல்படியில் நின்றாள். அவளுக்குப் பின்னால் படிக்கட்டு நிறைய ஆட்கள், மூட்டத்தில் அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

"நான் போனா மூட்டமும் போய்டுமாப்பா?"

"போய்டும்."

"வீசிங்?"

"முன்ன மாதிரியே இருக்கும். எப்ப வரும்னு சொல்ல முடியாது."

தாரணி மூச்சு வாங்கிக்கொண்டாள். "மேல வரவே வராதுப்பா. ஓடலாம். எவ்ளோ வேணா ஓடலாம்" என்றாள். பிறகு, "அந்த நீல ஸ்கார்ஃப் அக்காகிட்ட பேர் கேட்டேன். தெனமும் கேட்டேன்" என்றாள்.

"சொன்னாங்களா?"

"காதுலயே வுழல." கொஞ்சம் யோசித்தாள். "இன்னிக்கு எவ்ளோ நேரம் கூப்ட்டீங்க?"

தயாளன் நிர்மலாவைப் பார்த்தான்.

"ஒரு மணி நேரம்" என்றான்.

"எனக்கு ஒரு வாட்டிதான் கேட்டுது" என்றாள் தாரணி.

வாசலில் ஏசுபாதம், "கண்ணு, எங்களப் பத்தி நினைக்காத. நாங்க கை தூக்கிட்டோம்" என்றார். தாரணி தலையாட்டினாள். கைக்குழந்தையின் தூளிப் புடவை காய்ந்துவிட்டதா என்று அவரிடம் கேட்டாள், காய்ந்துவிட்டது என்றார். அம்மாவிடம் கையை நீட்டி பம்பை வாங்கி, இரண்டு முறை இழுத்து, மூடியை மாட்டிப் பக்கத்தில் வைத்தாள்.

ஆறு மணிக்கு ஏழு நிமிஷம் இருந்தபோது தாரணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி, அப்பாவின் பெயர் போட்ட அடுக்கைத் தொட்டு, அதை அழித்தாள்.